மானிப்பாயிற் பிறந்த மருத்துவத் தமிழ்

1822 ஆம் ஆண்டைத் தமிழர் மறத்தல் ஆகாது. அவ்வாண்டு டிசெம்பர் மாதத்தில் நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்னர், ஒக்டோபர் 10 ஆம் திகதி, அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் என்னும் ஊரிற் பிறந்தார் சாமுவேல் பிஸ்க் கிறீன். ஒருவர் தமிழ் உரைநடைக்குத் தந்தை எனப் போற்றப்படுகின்றார். மற்றவர் காப்பியம் பாடியவரல்லர், இலக்கணம் வகுத்தவருமல்லர். இருதயம் எவ்வாறு துடிக்கின்றது, குருதி எவ்வழி ஓடுகின்றது, நரம்பு எதனை ஆள்கின்றது என்பவற்றைத் தமிழில் எழுதியும் தமிழிற் கற்பித்தும் தம் வாழ்நாளைக் கழித்தவர். நாவலர் வரலாற்றை நம் மாணவர் அறிவர். கிறீன் வரலாற்றை யாழ்ப்பாணத்தார் ஓரளவு அறிவர். மலைநாட்டார் அறிந்தது மிகச் சிறிது.

தலவாக்கலையில் தமிழ் கற்பிக்கும் பண்டிதனாகிய யான் வைத்தியர் ஒருவரின் வரலாற்றை எழுத முற்பட்டமைக்குக் காரணம் உண்டு. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயிலும் மாணவர் சிலர் சொற்பொருள் கேட்டு என்னிடம் வருவது வழக்கம். தன்னாட்சி நரம்புத் தொகுதி, பரிவு நரம்பு, பரபரிவு நரம்பு என்னும் தொடர்களை மனனஞ்செய்து வைத்திருப்பார்கள். பரிவு என்றால் இரக்கம் அன்றோ, நரம்புக்கு எவர்மீது இரக்கம் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை தேடிச் சென்ற யான், இத்தகைய சொற்களுக்காக நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னர் மானிப்பாயில் ஒருவர் பட்ட பாட்டைக் கண்டேன். அவர் வரலாற்றைக் கூறின் மாணவர் கேள்விக்கும் அதனூடே விடை கிடைக்கும்.

இளமையும் வருகையும்

கிறீன் நியூயோர்க் நகரில் மருத்துவம் பயின்று 1845 ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். அவருடைய சகோதரர் அந்திரு கிறீன், பின்னாளில் நியூயோர்க் மாநகரை உருவாக்கியோருள் ஒருவர் எனப் புகழ் பெற்றவர். அத்தகைய குடும்பத்திற் பிறந்த இளைஞர் அந்நகரிலேயே வைத்தியம் செய்து பொருளீட்டியிருக்கலாம். அவர் அதனை வேண்டாது, அமெரிக்க மிசனைச் சார்ந்த வைத்தியராய் 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. 1820 இல் பண்டத்தரிப்பில் வைத்தியர் ஸ்கடர் தொடங்கிய பணி வட்டுக்கோட்டையில் வைத்தியர் வார்ட் என்பவராற் தொடரப்பட்டு இவர் கைக்கு வந்தது. வட்டுக்கோட்டையிற் சிறிது காலம் இருந்தபின், 1848 இல் மானிப்பாய்க்கு இடம்பெயர்ந்தார். இன்றும் அவர் பெயரால் வழங்கும் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவ்வூரிலேயே உள்ளது.

மானிப்பாய் சென்ற ஆண்டிலேயே மருத்துவ வகுப்பொன்றைத் தொடங்கினார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்து மக்கள் தொகைக்கு மேலைநாட்டு மருத்துவம் பயின்றவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. வாந்திபேதி பரவிய காலங்களில் ஒரு வைத்தியர் எத்தனை வீட்டு வாயிலை மிதிக்க இயலும்? தாம் ஒருவரே பலரைக் குணப்படுத்துவதினும், குணப்படுத்தவல்ல பலரை ஆக்குவதே தக்கது என்று அவர் துணிந்தார். தொடக்கத்தில் வகுப்பு ஆங்கிலத்தில் நடைபெற்றது. ஆயினும் வந்த நாள் முதலாகத் தமிழைக் கற்று வந்த அவருக்கு விரைவில் ஓர் உண்மை புலனாயிற்று. ஆங்கிலத்தில் மருத்துவம் பயின்றவர், ஆங்கிலம் அறிந்தோர் வாழும் நகரையும் அரசாங்க உத்தியோகத்தையும் நாடிச் செல்வார். கிராமத்தில் தங்குபவர் அரியர். தமிழிற் பயின்றவர் தம் ஊரிலேயே தங்குவார். நோயாளிக்கு நோயின் காரணத்தையும் எடுத்துரைப்பார்.

பத்தாண்டு உழைப்பின்பின் உடல்நலங் குன்றித் தாயகம் சென்ற கிறீன், 1862 இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் அம்மையாரை மணந்து அவருடன் யாழ்ப்பாணம் திரும்பினார். மீண்டு வந்த பின்னர் மருத்துவ வகுப்பைத் தமிழ்மொழியிலேயே நடத்தத் தொடங்கினார். மாணவர் தம் உடையையும் வாழ்க்கை முறையையும் ஐரோப்பியர் போல் மாற்றிக்கொள்வதை அவர் விரும்பவில்லை. நோயாளியின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசத் தயங்காத வைத்தியரே அவருக்கு வேண்டியிருந்தனர். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். அவர்களுட் பெரும்பங்கினர் தமிழிலேயே பயின்றவர்.

நூல்கள் பிறந்த வகை

தமிழிற் கற்பிப்பது எனின் தமிழில் நூல் வேண்டுமன்றோ? 1857 இல் கட்டர் என்பாரின் நூல் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்னும் பெயருடன் வெளிவந்தது. மோன்செல் என்பாரின் நூல் பிரசவ வைத்தியம் ஆயிற்று. 1867 இல் இரண வைத்தியம், 1872 இல் மனுஷ அங்காதிபாதம், அவ்வாண்டிலேயே வைத்தியாகரம், 1875 இல் கெமிஸ்தம், 1883 இல் மனுஷ சுகரணம், 1884 இல் இந்து பதார்த்த சாரம் என நூல்கள் தொடர்ந்தன. அனைத்தையும் சேர்த்து நோக்கின் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்படும். இவை யாவும் தனியொருவர் கைவண்ணம் அல்ல. டன்வோத், சப்மன், பவுல், சுவாமிநாதன் முதலிய மாணவரும் உடனிருந்து மொழிபெயர்த்தனர். கிறீன் திருத்தியும் செப்பனிட்டும் பதிப்பித்தார். ஆசிரியரும் மாணவரும் ஒருங்கிருந்து பாடநூல் ஆக்கிய இச்செய்தி ஆசிரியராகிய நம்மனோர் சிந்திக்கத்தக்கது.

சொல்லாக்கத்தில் அவர் ஒரு வரன்முறையைக் கைக்கொண்டார். முதலில் தமிழ் வழக்கிலுள்ள சொல்லைத் தேடினார். அது கிடையாவிடின் வடமொழிச் சொல்லை எடுத்தார். அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இணங்கத் திருத்தி வழங்கினார். கெமிஸ்தம் என்பது இம்மூன்றாம் வகையின்பாற்படும். சுகரணம் என்பது நாம் இன்று உடற்றொழிலியல் என்று கூறும் சாத்திரத்துக்கு அவர் வழங்கிய பெயர். கரணம் என்பது கருவியையும் தொழிலையும் குறித்தலின், உடற்கருவிகள் செவ்வனே தொழிற்படும் முறைமை என அச்சொல்லுக்குப் பொருள் கொள்ளலாம் என்பது என் துணிபு. இன்று நோக்குவார்க்கு அவர் நூல்களில் வடசொல் மிகுதி கண்ணில் உறுத்தும். உற்பாலனம் என்றால் சுகாதாரம் என்று இன்று எவரும் அறியார். ஆயினும் சொல் வழக்கொழிந்தமை கொண்டு முயற்சியைப் பழித்தல் தகாது. முதலிற் பாதை வெட்டியவன் கால்பட்ட இடமெல்லாம் பின்வந்தார் நடக்கும் வீதி ஆதல் இல்லை.

பாரிசிலிருந்து மானிப்பாய்க்கு

மேற்கூறிய நூல்களுள் 1883 இல் வெளிவந்த மனுஷ சுகரணம் பற்றிச் சற்று விரிவாகக் கூறல் வேண்டும். அது அமெரிக்கரான டால்டன் என்பாரின் உடற்றொழிலியல் நூலைத் தழுவியது. அந்த டால்டன், பாரிசு நகரில் குளோட் பேர்ணாட் என்னும் பேரறிஞரிடம் நேரிற் பயின்றவர். எனவே பாரிசின் ஆய்வுகூடத்துக்கும் நம் தமிழ்நூலுக்கும் இடையே நின்றவர் ஒரே ஒரு மாணாக்கர்தாம்.

பேர்ணாட்டின் காலம் இருதயத்தையும் நரம்பையும் பற்றிய புத்தறிவு பெருகிய காலம். இருதயம் தனக்கெனத் தாளம் உடையது. உடலினின்று பிரித்தெடுத்த தவளையின் இருதயமும் சிறிதுநேரம் துடித்துக்கொண்டிருக்கும். அங்ஙனமாயின் நரம்புக்கு அங்கே என்ன வேலை என்பதே வினா. 1845 இல் வெபர் சகோதரர் இருவர், தலையிலிருந்து கழுத்து வழியாக மார்புக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகசு நரம்பை மின்னாற் தூண்டினர். இருதயம் மெல்ல அடித்து நின்றே போயிற்று. நரம்பு என்றாலே ஏவுவது என்று எண்ணியிருந்த உலகம், அடக்கும் நரம்பும் உண்டு என்று அன்று அறிந்தது. 1851 இல் பேர்ணாட், முயலொன்றின் கழுத்தில் ஒருபக்கத்துப் பரிவு நரம்பை அறுத்தார். அப்பக்கத்துக் காது சிவந்து சூடேறிற்று. அறுத்த நரம்பின் மேல்முனையைத் தூண்டியபோது காது வெளிறிக் குளிர்ந்தது. குருதிக்கலன்களைச் சுருக்கியும் தளர்த்தியும் ஆள்வது நரம்பே என்பது இதனாற் தெளிவாயிற்று.

இந்த அறிவை நம் மலைநாட்டு வாழ்க்கை கொண்டே மாணவருக்கு விளக்கலாம். இருதயத்தின் வலது சோணையறையில் உள்ள ஒரு சிறு கணு, நரம்பின் தொடர்பின்றித் தானாகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிப்பை எழுப்பவல்லது. நாம் அமைதியாய் இருக்கையில் நாடி 70 அளவில் நிற்பது ஏன்? வேகசு நரம்பு இடையறாது கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருப்பதனால். லயத்திலிருந்து மேலைமலைப் பாடசாலைக்கு ஏறிவரும் சிறுவனின் நெஞ்சு படபடக்கின்றதே, அதன் தொடக்கத்திற் கடிவாளம் தளர்கின்றது. பின்னர்ப் பரிவு நரம்பு தாற்றுக்கோலாய் நின்று துடிப்பின் வேகத்தையும் விசையையும் கூட்டுகின்றது. வகுப்பில் அமர்ந்து சிறிது நேரமானதும் கடிவாளம் மீண்டும் இறுகுகின்றது. இவற்றுள் ஒன்றேனும் சிறுவனின் விருப்பத்தைக் கேட்டு நிகழ்வதன்று. அதனாலேயே இதற்குத் தன்னாட்சி என்று பெயர்.

குருதிக்கலன்களின் செய்தியும் அத்தகையதே. உழவன் மடைகளைத் திறந்தும் அடைத்தும் உள்ள நீரை வயல்களுக்குப் பங்கிடுவது போல, பரிவு நரம்பு சிறுநாடிகளின் சுவர்த்தசைகளைச் சுருக்கியும் தளரவிட்டும் குருதியைப் பங்கிடுகின்றது. மார்கழிப் பனியில் மலைக்குச் செல்லும் பெண்ணின் விரல்நுனி வெளிறுவது, தோலின் மடைகளை அடைத்து உள்ளுறுப்பின் வெப்பத்தைக் காத்தற்பொருட்டு. குனிந்து வேலை செய்தவள் கூடையோடு சட்டென நிமிர்கையில் குருதி கால்களில் தேங்க முற்படும். மூளைக்குச் செல்வது குறையும். அக்கணமே கழுத்து நாடியிலும் பெருநாடியின் வளைவிலும் உள்ள அமுக்க உணர்விகள், மூளையின் அடியிலுள்ள நீள்வளைய மையவிழையத்துக்குச் செய்தி விடுக்கின்றன. அங்கிருந்து வரும் ஆணையால் இருதயம் விரைகின்றது, கலன்கள் சுருங்குகின்றன, ஓரிரு கணத்தில் நிலை சீராகின்றது. பட்டினியாலோ நோயாலோ முதுமையாலோ அந்த ஏற்பாடு தளர்ந்தவர்க்கே கண் இருண்டு தலை சுற்றும்.

இனி, பரிவு என்னும் சொல்லுக்கு வருவோம். மேலைநாட்டு முன்னோர் அந்நரம்புக்கு இட்ட பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. உடனுணர்தல் என்பது அதன் பொருள். ஓர் உறுப்பின் துன்பத்தை மற்றோர் உறுப்பு உடனுணர்வது அந்நரம்பின் வழியாகவே என அவர்கள் எண்ணினர். அதனைத் தமிழிற் பரிவு என்றது சாலப் பொருந்தும். பரிதல் என்பது பிறர் துன்பத்தைத் தன்னதாக உணர்தல் அன்றோ? மாணவர் இதனைக் கேட்டபின் அச்சொல்லை மறப்பதில்லை. நம் நாட்டு வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தபோது, சினமும் அச்சமும் பசியும் நாடியை மாற்றுவதை அறிந்திருந்தனர். மாற்றும் வழி எது என்பதையே புதிய சாத்திரம் காட்டியது.

தன்னாட்சி நரம்புத் தொகுதி என்னும் கருத்துக்கு ஆங்கிலப் பெயர் இட்டவர் லாங்லி, ஆண்டு 1898. வேகசு நரம்பின் முனையிலிருந்து ஒரு வேதிப்பொருள் சுரந்தே இருதயத்தை அடக்குகின்றது என ஓட்டோ லோவி தவளையின் இருதயங்களைக் கொண்டு நிறுவியது 1921 இல். இவையெல்லாம் கிறீனுக்குப் பின்னையவை. அவர் காலத்தில் அறியப்பட்டிருந்ததை அவர் காலத்திலேயே தமிழுக்குக் கொணர்ந்தார் என்பதே அவர் சிறப்பு. பேர்ணாட்டின் சோதனைக்கும் மனுஷ சுகரணத்துக்கும் இடைப்பட்ட காலம் முப்பத்திரண்டு ஆண்டுகள் மாத்திரமே.

இறுதிக் காலம்

1873 இல் கிறீன் குடும்பத்துடன் தாயகம் திரும்பினார். உடல் தளர்ந்தது, பணி தளரவில்லை. வூஸ்ரரில் இருந்தவாறே தமிழ் நூல்களைச் செப்பனிடும் வேலையைத் தொடர்ந்தார். யாழ்ப்பாணத்து மாணவர்க்கும் அவருக்கும் இடையே கையெழுத்துப் பிரதிகள் கப்பலேறிப் போய்வந்தன. மனுஷ சுகரணமும் இந்து பதார்த்த சாரமும் அவ்வாறு முற்றுப்பெற்றவையே. பேசுவதற்குத் தமிழர் ஒருவரேனும் இல்லாத ஊரிலிருந்து, பனி பெய்யும் நாடொன்றில், ஒருவர் தமிழ்ச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு நீங்குவதில்லை. 1884 மே 28 இல் அவர் காலமானார். தமிழருக்கு மருத்துவப் பணி புரிந்தவர் என்பதையே தம் கல்லறையிற் பொறிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே பொறிக்கப்பட்டது.

தொடராத பணி

அவர் வெட்டிய பாதை நீளவில்லை. 1870 இற் கொழும்பில் மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் தோன்றியது. மருத்துவம் ஆங்கிலத்துக்கே உரியது என்னும் எண்ணம் வேரூன்றிற்று. 1978 இல் யாழ்ப்பாணத்திலேயே மருத்துவபீடம் அமைந்தபோதும் போதனாமொழி ஆங்கிலமே. உலக அறிவோடு ஒட்டிச் செல்ல அது வேண்டும் என்பார் கூற்றில் நியாயம் உண்டு. யான் அதனை மறுக்கவில்லை. எனினும் வைத்தியர்க்கு ஆங்கிலம் போதும், நோயாளிக்கு எது?

கிறீன் மானிப்பாயில் இருந்த இருபத்தைந்து ஆண்டுக்காலத்திலேதான் இம்மலைகளிற் கோப்பிப்பயிர் செழித்தது. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியால் வழியிலேயே மாண்டோர் பலர். அவர்கட்கென மருத்துவ வசதி செய்யும் சட்டம் 1872 இற்றான் வந்தது. வைத்தியசாலையும் மருந்தும் மெல்ல மெல்ல வந்தன. நோயின் காரணத்தை அவர்தம் மொழியில் எடுத்துரைப்போர் வந்தது குறைவு.

இப்பகுதித் தோட்டமொன்றில் வாழும் மூதாட்டி ஒருவருக்கு உயர் குருதியமுக்கம் உண்டு. பிரஷர் என்னும் சொல்லை அவர் அறிவார். அது யாதென அறியார். தலை சுற்றும் நாளில் மாத்திரம் மாத்திரை உட்கொள்வார். சுற்றாத நாளில் மிச்சம்பிடித்து வைப்பார். அவருக்குத் தரப்பட்ட சீட்டு அவர் படிக்கவியலாத மொழியில் இருந்தது. கலன்கள் சுருங்கியிருப்பது வலியைத் தருவதன்று. வலியில்லாமலே அது மூளையையும் இருதயத்தையும் சிறுநீரகத்தையும் பழுதாக்கும் என்று எவரும் அவருக்குச் சொல்லவில்லை. அவருடைய பேர்த்தி என் மாணவி. பாடநூலிற் கற்றதை அவள் மடையையும் வாய்க்காலையும் காட்டிப் பாட்டியாருக்கு விளக்கினாள். அன்று தொட்டு அவர் நாள்தோறும் தவறாது மாத்திரை உட்கொள்கின்றார். கிறீன் நாலாயிரம் பக்கம் எழுதியது எதன்பொருட்டு என்று என்னைக் கேட்பார்க்கு இந்நிகழ்ச்சியையே எடுத்துக்காட்டுவேன்.

கிறீன் பெயரை நிலைநிறுத்த உழைத்தவருள் கவிஞர் அம்பி முதன்மையானவர். அவருடைய கிறீனின் அடிச்சுவடு 1967 இல் வெளிவந்தது. அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற் தொகுதிகளால் நம் பாடசாலைகளில் விஞ்ஞானம் தமிழில் நிலைபெற்றது. இன்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவி தமிழில் இருதயத்தைப் பற்றி எழுத இயல்கின்றது. அவள் அதனை விளங்கி எழுதுகின்றாளா, மனனஞ்செய்து எழுதுகின்றாளா என்பது ஆசிரியர் கையில் உள்ளது. விஞ்ஞான ஆசிரியர் சொல்லை மட்டும் தந்து செல்வதும், தமிழாசிரியர் அது தம் பாடமன்று என ஒதுங்குவதும் மாணவர்க்கு இழப்பாகும்.

ஆதலின் ஆசிரிய அன்பர்க்கு ஒரு வேண்டுகோள். கிறீனின் நூல்கள் சில இக்காலத்தில் மின்வடிவிலும் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒரு பக்கத்தை எடுத்து, இன்றைய உயிரியற் பாடநூலின் ஒரு பக்கத்தோடு வகுப்பில் ஒப்பிட்டுக் காட்டுக. எச்சொல் நின்றது, எச்சொல் வீழ்ந்தது, வீழ்ந்தது ஏன் என மாணவரைக் கேட்டுப் பார்க்க. பின்னர் அவர்கள் கற்றதைத் தம் வீட்டிலுள்ள ஒருவருக்கு, பாடநூற் சொல் ஒன்றும் கலவாது, விளக்கி வருமாறு பணிக்க. தமிழ்ப் பாடத்துக்கும் விஞ்ஞானப் பாடத்துக்கும் அதனினும் சிறந்த பயிற்சி பிறிதில்லை.